வடிகாது, வளையக் கழுத்து, கட்டிய பாதம்: உடலை வருத்திய வழக்கங்களை எந்த அளவுகோலால் பார்ப்பது?

யாங்கோன் மல்லிகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2018ஆம் ஆண்டு மதுரையிலிருந்து வந்திருந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு, இங்கே மியான்மரில் உள்ள இன்லே ஏரிக்குப் போயிருந்தேன். நீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் நெசவுக்கடை ஒன்றில், கழுத்தில் பித்தளைச் சுருள் அணிந்த கயான் பெண்கள் மூவர் தறியில் உட்கார்ந்திருந்தார்கள். நாம் பேச்சில் பதௌங் என்று சொல்கிறோமே, அந்த மக்கள்தாம். என் உறவினர்கள் ஆளுக்கு ஒரு கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். படகில் திரும்பும்போது ஒருவர், "பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு கொடுமையைச் செய்ய எந்தத் தாய்க்கு மனம் வரும்?" என்று கேட்டார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். நான் மட்டும் பேசவில்லை, ஏனென்றால் எனக்கு அந்த நேரத்தில் என் அப்பத்தாவின் காது கண்முன் வந்து நின்றது.

அப்பத்தா இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி இரங்கூனுக்கு வந்தவர். அவருடைய காதுச் சோணை தோளைத் தொடும் அளவுக்குத் தொங்கியது. அதில் தண்டட்டி ஆடும். திருநெல்வேலிப் பக்கத்தில் இதையே பாம்படம் என்பார்கள். சிறு வயதில் அந்தத் துளைக்குள் என் கை முழுவதையும் நுழைத்து விளையாடியிருக்கிறேன். அந்தக் காது எப்படி நீண்டது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கேட்டறிந்தேன். கைக்குழந்தையாக இருக்கும்போதே சோணையைக் கீறி, துளையில் பஞ்சுத் திரியை வைத்து, புண் ஆற ஆறத் திரியைப் பெரிதாக்கிக்கொண்டே போய், பிறகு ஈயத்தால் ஆன குணுக்கை மாட்டி, அதன் எடையாலேயே சதையை நீளச் செய்வார்கள். சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், சில பிள்ளைகளுக்குச் சோணை அறுந்தே போகும். அப்படி அறுந்துவிட்டால் அந்தப் பெண்ணை ஊர் 'மூளிக்காது' என்று அழைக்கும். காது வளர்க்காத வீட்டிலிருந்து பெண்ணெடுக்க அந்தக் காலத்தில் யாரும் முன்வரமாட்டார்கள் என்று அப்பத்தாவே சொல்லியிருக்கிறார்.

ஆகவே என் உறவினர் கேட்ட கேள்விக்கு விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. எந்தத் தாய்க்கு மனம் வரும்? மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று விரும்பிய ஒவ்வொரு தாய்க்கும் வந்தது.

பழைய நாகரிகங்களில் உடலை வளைத்தும் அறுத்தும் குத்தியும் செய்யப்பட்ட வழக்கங்கள் உலகெங்கும் இருந்திருக்கின்றன. அவற்றில் எதைத் தீங்கு என்பது, எதை அணி என்பது, எதை வழிபாடு என்பது? பிறருடையது தீங்கு, நம்முடையது பண்பாடு என்று பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்குள்ளவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுத வேண்டுகிறேன்.

சால்வின் கரைச் செவிலி எழுதியது:

மல்லிகை அக்காவுக்கு வணக்கம். மோல்மேனில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இந்த வழக்கங்கள் உடலுக்கு என்ன செய்கின்றன என்பதை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொண்டால், பிறகு நடக்கும் பேச்சு நேராக இருக்கும் என்று கருதுகிறேன்.

கயான் பெண்களின் கழுத்து உண்மையில் நீள்வதில்லை. பலர் நினைப்பதுபோல் அவை தனித்தனி வளையங்களும் அல்ல. ஒரே பித்தளைக் கம்பியைச் சுருளாகச் சுற்றுகிறார்கள். ஏறக்குறைய ஐந்து வயதில் முதற்சுருளைப் போட்டு, வளர வளர அதைக் கழற்றிவிட்டு இன்னும் நீளமான சுருளை அணிவிக்கிறார்கள். பல கிலோ எடை தோளின் மேல் ஆண்டுக்கணக்கில் அழுத்துவதால் காறை எலும்பும் மேல் விலா எலும்புகளும் கீழ்நோக்கிச் சரிகின்றன. தோள் இறங்குவதால் கழுத்து நீண்டதாகத் தோன்றுகிறது. எக்ஸ்ரே படங்கள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன; கழுத்தெலும்பு எல்லோருக்கும் உள்ளதுபோல் ஏழுதான். சுருளைக் கழற்றினால் கழுத்து முறிந்து உயிர் போய்விடும் என்று சொல்வதும் கட்டுக்கதையே. கழற்றிவிட்டு இயல்பாக வாழும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கழுத்துத் தசை தளர்ந்திருக்கும், தோல் நிறம் மாறியிருக்கும், சில நாள்களுக்கு வலியும் தள்ளாட்டமும் இருக்கும். ஆனால் இறங்கிய எலும்பு பழைய இடத்துக்குத் திரும்பாது.

சீனத்தில் பெண்களின் பாதத்தைக் கட்டியது இதைவிடப் பல மடங்கு கொடியது. நான்கு முதல் ஆறு வயதுக்குள் பெருவிரல் தவிர மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, குதிகாலையும் முன்பாதத்தையும் நெருக்கி, பாத வளைவு முறியும்படி துணியால் இறுக்கினார்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் அழுகி உதிர்ந்ததும் உண்டு; நஞ்சு உடலேறி இறந்த சிறுமிகளும் உண்டு. பிழைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் குதிகாலில் நடந்தார்கள். பெய்ஜிங் மூதாட்டிகளைப் பரிசோதித்து 1997இல் வெளியான ஓர் ஆய்வில், 80 வயதுக்கு மேற்பட்டவர்களில் 38 விழுக்காட்டினருக்குப் பாதம் கட்டியதன் ஊனம் இருந்ததும், அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்து அடிபட்டதும், இடுப்பெலும்பு வலுவிழந்திருந்ததும் பதிவாகின. கட்டுதல் நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகும் உடல் அதன் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் பச்சிளங்குழந்தையின் தலையை இரண்டு பலகைகளுக்கு இடையே கட்டி, நெற்றி பின்னோக்கிச் சாயும்படி வளர்த்தார்கள். மண்டையோட்டின் பொருத்துகள் கூடுவதற்கு முன்புதான் அது முடியும். நான்கையும் சேர்த்துப் பாருங்கள்: காது, கழுத்து, பாதம், தலை. நான்கிலுமே எலும்போ சதையோ வளைந்து கொடுக்கும் வயதில்தான் தொடங்கியாக வேண்டும். வளைந்து கொடுக்கும் அந்த வயது, வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வயதும்கூட. என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான்.

பீலிக்கான் அடியேன் எழுதியது:

இருவருடைய பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரிவதால் முன்கூட்டியே எழுதுகிறேன். இப்படிப்பட்ட விவாதங்களில் அடுத்த வரியில் நம்முடைய அலகுக் காவடியையும் தீமிதியையும் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

நான் பீலிக்கான் கோயிலில் 19 முறை பூக்குழி இறங்கியவன். காப்புக் கட்டிய நாளிலிருந்து புலால் தொடாமல், தரையில் படுத்து, வீட்டாரோடும் அளவாகப் பேசி விரதம் இருப்பவர்களுக்குத்தான் அதன் பொருள் தெரியும். என் மகன் கடும் காய்ச்சலில் கிடந்தபோது நானே வேண்டிக்கொண்டேன். யாரும் என்னை நெருப்பில் தள்ளவில்லை. வேண்டுதல் என்பது எனக்கும் அம்பாளுக்கும் இடையிலான ஒப்பந்தம். என் மகனிடம் நான் அதைக் கேட்கவில்லை; அவனுக்காக என் உடலைக் கொடுத்தேன். ஐந்து வயதுச் சிறுமியின் காலெலும்பை முறித்ததோடு இதை ஒரே தட்டில் வைப்பது நியாயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் நமக்கு நிலம் போயிற்று, கடை போயிற்று, 1964க்குப் பிறகு உறவினர்களில் பாதிப்பேர் கப்பலேறிப் போனார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகூடத் தடுமாற்றமாயிற்று. இத்தனைக்கும் பிறகு தமிழர் என்று ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூட வைப்பது இந்தத் திருவிழாக்கள்தாம். அதைத் தொட்டால் எங்களுக்கு வலிக்கும்.

கல்வெட்டுக் கண் எழுதியது:

அடியேன் ஐயாவின் பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால், வயது வந்தவர் தானே விரும்பிச் செய்தால் அதில் கேள்விக்கே இடமில்லை என்ற கருத்தை நம் வரலாறே ஏற்கவில்லை.

மாமல்லபுரத்தில் திரௌபதி இரதத்தின் உள்ளே கொற்றவையின் காலடியில் மண்டியிட்டிருக்கும் வீரன் ஒருவன், ஒரு கையால் தன் குடுமியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் வாளேந்தித் தன் தலையை அரியத் தயாராக இருக்கிறான். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம் அது. நெல்லூர்ப் பக்கம் மல்லம் என்ற ஊரில் பல்லவ மன்னன் கம்பவர்மனின் 20ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, உடலின் ஒன்பது இடங்களிலிருந்து சதையை அரிந்து படைத்து, இறுதியில் தலையையும் அறுத்து வைத்த ஒருவனைப் பதிவு செய்கிறது. நவகண்டம் என்று நாம் அறிவது இதைத்தான். அவனுக்காக நிலம் கொடுத்த செய்தியும் அதிலேயே வருகிறது. போரில் குருதி சிந்தியவர்களின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை உதிரப்பட்டி என்றார்கள். உண்ட சோற்றுக்கு உடலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவன், தன் மனைவி மக்களுக்கு நிலம் கிடைக்கும் என்றும் அறிந்தவன், தானே விரும்பினான் என்று சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? அவன் தலை அரசனுடைய வெற்றிக்கு விலை. அந்த அரசன் தன் தலையை அரிந்து வைத்ததாக நான் ஒரு சிற்பமும் பார்த்ததில்லை.

ஆள்பவர்கள் தம் உடலை வருத்திக்கொண்ட இடமும் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய மெக்சிகோவிலுள்ள யாஷ்சிலான் என்ற மாயா நகரத்தின் வாயில் உத்தரக் கல் ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 709இல் நடந்த சடங்கை அது காட்டுகிறது. அரசி மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கில் துளையிட்டு இழுக்கிறார். சொட்டும் குருதி கூடையிலுள்ள தாள்களின் மேல் விழுகிறது. அரசன் தீப்பந்தத்தோடு எதிரில் நிற்கிறான். அவர்களுடைய நம்பிக்கையில் அரச குடும்பத்தின் குருதியே தெய்வங்களுக்கு உணவு. பட்டத்தோடு சேர்ந்தே வந்த கடமை அது. அந்த அரசிக்கும் மறுக்க வழி இருந்திருக்காது.

பழைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவின் கதையை மல்லிகை அம்மா கேட்டால் இன்லே ஏரிக் கடையை நினைத்துக்கொள்வார். அங்கே ஆர்டெமிஸ் ஆர்த்தியா என்ற தெய்வத்தின் பலிபீடத்தருகில் சிறுவர்களை நிறுத்திச் சாட்டையால் அடிப்பார்கள். முகம் சுளிக்காமல் தாங்குபவனுக்குப் பெருமை. அடிபட்டுச் சிறுவர்கள் இறந்ததைத் தாமே கண்டதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அவர் வாழ்ந்தது ரோமானியர் காலத்தில். ஸ்பார்ட்டாவின் படைவலிமை போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் சாட்டையடி நிற்கவில்லை, மேலும் கடுமையாயிற்று, ஏனென்றால் அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரார் வந்தார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் பலிபீடத்தைச் சுற்றி இருக்கை வரிசைகளோடு அரங்கமே கட்டினார்கள். போர்வீரனை உருவாக்குவதற்கென்று தொடங்கியது, போரே இல்லாத காலத்தில் பார்வையாளருக்காகத் தொடர்ந்தது.

யாங்கோன் மல்லிகை எழுதியது:

கல்வெட்டுக் கண் தம்பி அந்தக் கடையை நினைவூட்டியது சரிதான். கயா மாநிலத்தில் லொய்க்கா, தெமோசோ பகுதிகளின் மலையூர்களில் வாழும் கயான் மக்களில் பலர், 1980களின் இறுதியிலிருந்து போருக்கு அஞ்சி எல்லையைக் கடந்து தாய்லாந்தின் மே ஹோங் சோன் மாவட்டத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பிழைப்பு, கழுத்தைக் காட்டுவது. நுழைவுக் கட்டணம் வைத்து ஊரையே காட்சிக்கு விட்டார்கள். அதற்கும் முன்பே, 1930களில், இங்கிலாந்தில் ஒரு சர்க்கஸ் நிறுவனம் இந்தப் பெண்கள் சிலரை அழைத்துப்போய் ஊர் ஊராகக் காட்டியது. ஊரோடு இருந்திருந்தால் கல்வியும் சாலையும் வந்து தானாகவே குறைந்திருக்கக்கூடிய வழக்கம், பார்க்க வந்தவர்களின் பணத்தால் நிலைத்துவிட்டது என்பது என் எண்ணம். கைப்பேசியை நீட்டிய எங்கள் குடும்பத்துக்கும் அதில் பங்கு உண்டு. கடையில் நான் வாங்கிய கழுத்துத் துணி இன்னும் வீட்டில் இருக்கிறது.

லத்தா தெருப் பேரன் எழுதியது:

நான் பிறந்து வளர்ந்தது யாங்கோனின் சீனர் பகுதியில். எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஹொக்கியன் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெரிய பாட்டி 1960களின் தொடக்கத்தில் காலமானார். சிறுவனாக நான் அவரைப் பார்த்திருக்கிறேன். என் உள்ளங்கை அளவுதான் காலணி. படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்குவார். மாலையில் மருமகள் கதவை மூடிக்கொண்டு அவருடைய கட்டைப் பிரித்துக் கழுவிவிடுவார். அந்த நேரத்தில் எங்களை உள்ளே விடமாட்டார்கள். மருமகளின் கால் சாதாரணமாக இருந்தது. ஒரே வீட்டில் ஒரு தலைமுறை இடைவெளியில் அது எப்படி நின்றது என்று பெரியவனான பிறகு தேடிப் படித்தேன்.

பத்தாம் நூற்றாண்டையொட்டி அரண்மனைச் சூழலில் தொடங்கியதாகக் கருதப்படும் வழக்கம், மெல்ல மெல்ல உழவர் வீடு வரை இறங்கியது. மூன்று அங்குலப் பாதத்தைப் பொற்றாமரை என்றார்கள். வயலில் இறங்கி உழைத்த ஹக்கா பெண்கள் கட்டவில்லை; மஞ்சு இனத்தவரும் கட்டவில்லை. அப்போது சீனத்தை ஆண்ட மஞ்சு அரசு 1664இல் தடை போட்டுப் பார்த்து, நான்கே ஆண்டுகளில் பின்வாங்கியது. பேரரசாலேயே முடியவில்லை. காரணம் எளிது. என் மகளுக்கு மட்டும் கட்டாமல் விட்டால், அவளை யார் மணப்பார்? தடையை மதித்த தகப்பன்தான் தண்டனை பெற்றவன் ஆவான்.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. சியாமென் துறைமுகத்தில் 1870களிலும், ஷாங்காயில் 1895இலும் தொடங்கிய சங்கங்களும், பிறகு சீனச் சீர்திருத்தவாதிகள் நடத்திய சங்கங்களும் பெற்றோரிடம் இரண்டு உறுதிமொழிகளை ஒன்றாக வாங்கின. என் மகளுக்குப் பாதம் கட்டமாட்டேன் என்பது முதலாவது. பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்கமாட்டேன் என்பது இரண்டாவது. இரண்டாவதில்தான் முழு வலிமையும் இருந்தது. கட்டாத கால்களுக்கு மாப்பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள். 1902இல் பேரரசி சிசியின் ஆணையும், 1912இல் குடியரசின் தடையும் வந்தபோது நகரங்களில் பாதி வேலை முடிந்திருந்தது; சிற்றூர்களில் இன்னும் சில பத்தாண்டுகள் இழுத்தது. ஆயிரம் ஆண்டு வேரோடிய வழக்கம் ஏறத்தாழ ஒரு தலைமுறையில் போயிற்று.

இதே முறை மற்றோர் இடத்திலும் பலித்திருக்கிறது. பெண்குழந்தைகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கம் மிகப் பழையது. எகிப்திலிருந்து கிடைத்த கி.மு. 163ஆம் ஆண்டின் கிரேக்கப் பாப்பிரஸ் ஆவணமே அதைக் குறிப்பிடுகிறது. இன்று உயிரோடிருக்கும் பெண்களில் 23 கோடிக்கும் மேற்பட்டோர் அந்த வெட்டைச் சுமப்பதாக யுனிசெஃப் 2024இல் கணக்கிட்டது. செனகல் நாட்டின் மலிக்கூண்டா பம்பாரா என்ற சிற்றூரின் பெண்கள் 1997இல் ஊர் கூடி, இனிச் செய்யமாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பக்கத்து ஊர்களும் சேராவிட்டால் தங்கள் மகள்கள் தனித்துப் போவார்கள் என்று உணர்ந்து, அடுத்து அந்த ஊர்களோடு பேசினார்கள். தடைச் சட்டம் 1999இல்தான் வந்தது.

அக்கா கேட்ட அளவுகோலுக்கு என் விடை இது: அந்த வழக்கத்துக்கு உட்பட மறுக்கும் ஒரு பெண்ணுக்கோ ஆணுக்கோ அந்த ஊரில் மதிப்போடு வாழ இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இல்லை என்றால், சிரித்த முகத்தோடு செய்தாலும் அது தீங்குதான்.

மின்டாட் பழைய எழுத்தர் எழுதியது:

அரசுப் பணிக்காகச் சின் மலையில் நான்கு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சிறிது எழுதுகிறேன். மின்டாட், கன்பெட்லெட் பகுதிகளில் முகம் முழுவதும் பச்சை குத்திய மூதாட்டிகளை அன்றாடம் சந்தையில் பார்ப்பேன். பருவம் எய்தும் வயதையொட்டி, புகைக்கரியை முள்ளால் குத்தி ஏற்றுவார்கள், கண்ணிமையைக்கூட விடமாட்டார்கள். முகம் வீங்கிப் பல நாள் கண் திறக்க முடியாது என்று ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார். பர்மிய அரசர்கள் பெண்களைக் கவர்ந்து செல்லாதபடி அழகைக் கெடுக்கவே தொடங்கியது என்று சமவெளியில் கதை சொல்வார்கள். அந்த மூதாட்டியிடம் அதைச் சொன்னபோது அவர் மிகவும் வருந்தினார். பச்சை குத்திய முகமே அழகு என்றும், குத்தாத முகம் தோலுரித்தது போலிருக்கும் என்றும் விளக்கினார்.

1960களில் அரசு தடை விதித்தது. சாலை எட்டாத ஊர்களில் அதன் பிறகும் தொடர்ந்தது. தடை நல்லதா என்று கேட்டால், இளம் பெண்களுக்கு நல்லது என்பேன். ஆனால் தங்கள் முகமே சட்டவிரோதம் ஆகிவிட்டதாக அந்த மூதாட்டிகள் உணர்ந்ததை எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நம் பாட்டிமார் கையிலும் பச்சைக் கோலம் இருந்ததே.

பீலிக்கான் அடியேன் எழுதியது:

மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். லத்தா தெருத் தம்பியின் அளவுகோல் மனத்தில் தங்கிவிட்டது. பூக்குழி இறங்காதவரை எங்கள் ஊரில் யாரும் தாழ்வாக நடத்துவதில்லை. பால்குடம் எடுப்பவருக்கும் அதே மரியாதை. அந்த வகையில் என் வழிபாட்டைப் பற்றி நான் நிம்மதியாக இருக்கிறேன்.

ஆனால் மறைக்காமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியிலுள்ள வேறொரு கோயிலில், பத்து வயதுகூட நிரம்பாத சிறுவனுக்கு நாக்கில் அலகு குத்தினார்கள். அவனுடைய தகப்பன் செய்த வேண்டுதல். பையன் நடுங்கினான், மேளம் உரக்க ஒலித்தது, பெரியவர்கள் அருள் வந்துவிட்டது என்றார்கள். எனக்கு அது பயம் என்று தெரிந்தது. நான் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றுகொண்டு அரோகரா சொன்னேன். என் வேண்டுதலுக்கு என் உடலைத்தான் கொடுத்தேன் என்று மேலே பெருமையாக எழுதியவன் நான். அந்தப் பையனின் உடலை யாருடைய வேண்டுதலுக்குக் கொடுத்தோம்? இந்த ஆண்டு எங்கள் விழாக் குழுக் கூட்டத்தில், 18 வயது நிறையாதவருக்கு அலகு கூடாது என்று எழுத்தில் வைக்கக் கேட்கப் போகிறேன். எல்லாக் கோயிலாரும் சேர்ந்து செய்தால்தான் நிற்கும் என்பதைச் சீனக் கதையிலிருந்து கற்றுக்கொண்டேன்; இங்கே மறுத்தால் அங்கே போவார்கள்.

சால்வின் கரைச் செவிலி எழுதியது:

அடியேன் அண்ணனுக்கு என் நன்றி. அந்தக் கூட்டத்தில் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். வயது வந்தோருக்குக் குத்தும் அலகும் கொக்கியும் ஒருவருக்குக் குத்தியதை மற்றவருக்குக் குத்தக் கூடாது. மஞ்சளும் திருநீறும் மட்டும் போதாது. கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகள் நம் நாட்டில் பரவலாக உள்ளன. இரத்தம் பட்ட ஊசியின் வழியே அவை எளிதில் தாவும், பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாது. குத்துபவர் ஒவ்வொருவருக்கும் கையுறையை மாற்ற வேண்டும். வேல்களை அழுத்தக் கொதிகலனில் வைத்துத் தூய்மை செய்ய வேண்டும். வேண்டுமானால் விழா நாளில் நானும் வந்து உட்காருகிறேன்.

யாங்கோன் மல்லிகை எழுதியது:

இவ்வளவு மனம் திறந்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. என் முதல் பதிவில் இரண்டு செய்திகளை விட்டுவிட்டேன்.

அப்பத்தாவின் காது கடைசிவரை நீண்டே இருக்கவில்லை. என் அண்ணனின் திருமணத்துக்கு முன், படித்து வேலைக்குப் போயிருந்த பிள்ளைகள் எல்லோரும் கூடிப் பேசி, பட்டிக்காட்டுக் காது என்று சம்பந்தி வீட்டார் நினைப்பார்கள் என்று, அறுபது வயதைக் கடந்த அவரை மருத்துவரிடம் அழைத்துப்போய்ச் சோணையை அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தார்கள். பிறந்தபோது ஊருக்காக நீட்டிய காதை, முதுமையில் ஊருக்காகவே குறைத்தார்கள். தம்பி சொன்ன அளவுகோலின்படி, இரண்டு முறையும் அவருக்கு மறுக்க இடமில்லை.

இன்லேக் கடையில் என் உறவினர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மூத்த நெசவுப் பெண்ணிடம் நான் பர்மிய மொழியில் பேசினேன். அவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் சுருள் அணியாமல் பள்ளிக்குப் போகிறாள். இளையவள் தனக்கும் போடச் சொல்லிக் கேட்கிறாளாம், அம்மாவைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், அக்காவை யாரும் எடுப்பதில்லை என்று. சுருள் அணிந்தவர்களுக்குத்தான் கடைக்காரர் சம்பளம் தருகிறார் என்றும் சொன்னார். நீங்கள் ஆசிரியராமே, நான் என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டார். 34 ஆண்டுகள் பாடம் சொன்ன எனக்கு உடனே விடை வரவில்லை. அப்பத்தாவின் காதைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் தறியை நிறுத்திவிட்டு, என் காதிலிருந்த சிறு தோட்டை உற்றுப் பார்த்தார். பிறகு, அறுத்துத் தைத்தபோது உங்கள் பாட்டிக்கு வலித்ததா, அந்த எடை போன பிறகு அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்டார்.

நான் அப்பத்தாவிடம் அதைக் கேட்டதே இல்லை.